கோயம்புத்தூருக்கு வந்த பிளேக், மெட்ராஸில் ஏன் தங்கவில்லை? ஒரு தெள்ளுப்பூச்சியின் கதை

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு ஒரு சின்ன பூச்சியைப் பத்திப் பேசப் போறோம். ரெண்டு மில்லிமீட்டர், மிஞ்சிப் போனா மூணு. சிறகு கிடையாது. பக்கவாட்டில் யாரோ பிடிச்சு நசுக்கின மாதிரி தட்டையான உடம்பு. தெள்ளுப்பூச்சி.

நாய், பூனை வளர்க்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஆனா கிளினிக்ல போய் என்ன சொல்றோம்? "டாக்டர், உண்ணி பிடிச்சிருக்கு." பேன், உண்ணி, தெள்ளு, மூட்டைப்பூச்சி எல்லாமே நமக்கு 'ஏதோ கடிக்கிற பூச்சி'. உண்ணிக்கு எட்டுக் கால், அது சிலந்தியோட சொந்தம். தெள்ளுக்கு ஆறு கால், அது பூச்சி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சரி, இதுல என்ன இருக்கு, எதுவா இருந்தா என்ன, ஒரு மருந்து அடிச்சா போச்சுன்னு தோணும். இன்னிக்கு எபிசோடே அந்த "எதுவா இருந்தா என்ன" பத்தித்தான். அப்படி விட்டதுனால, ஒரு பெரிய கேள்விக்கான பதில் பல வருஷம் கண்ணு முன்னாடியே இருந்தும் யாருக்கும் தெரியாம போச்சு.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். அங்க 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இருக்கு. ஒண்ணு இல்லை, பல இடங்கள்ல. சின்ன வயசுல அந்தப் பேர் எனக்கு விசேஷமாவே தெரியல. ஏதோ அம்மன் பேர், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் என் அம்மிச்சி சொன்னாங்க, அவங்க அம்மா காலத்துக் கதை. "ஊட்டுக்குள்ள எலி செத்து உழுந்தா, அன்னைக்கே சட்டி பானையத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போயிரோணும் கண்ணு. அங்க குடிசை போட்டு இருந்துட்டு, மாசக் கணக்குல கழிச்சுத்தான் ஊருக்குள்ள வருவாங்க."

படிக்கிறதுக்கு சென்னை வந்தப்புறம், இங்க ஒரு பிளேக் மாரியம்மனைத் தேடினேன். இங்க அப்படி ஒரு நினைவே ஊருக்குள்ள இல்லை. காலராவைப் பத்திப் பேசுறாங்க, அம்மையைப் பத்திப் பேசுறாங்க, பிளேக் இல்லை. கோயம்புத்தூரை விடப் பல மடங்கு பெரிய ஊர். துறைமுகம். எலிக்கும் குறைச்சல் இல்லை. அப்புறம் ஏன்?

எல்லாரையும் குழப்பின புதிர்

இந்தக் கேள்வியை நான் முதல்ல கேட்கல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே டாக்டர்கள் மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்த கேள்வி இது.

1894-ல ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடிச்சார். 1896-ல பம்பாய்க்கு நோய் வந்தது. 1898-ல பெங்களூர். அடுத்த இருபது, முப்பது வருஷத்துல இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. இந்த எண்ணை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு கோடி.

மெட்ராஸ் மாகாணத்திலும் சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, அப்புறம் கம்பம் பள்ளத்தாக்குன்னு உள்நாட்டுல நோய் திரும்பத் திரும்ப வந்துச்சு. ரயில் பயணிகளுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்'னு ஒரு சீட்டே கொடுத்தாங்க. எங்கிருந்து வர்றீங்க, எங்க தங்கப் போறீங்கன்னு எழுதி, தினமும் போய் உடம்பைக் காட்டணும். ஆனா மெட்ராஸ் நகரத்துல வெளியூர்லேர்ந்து நோயோட வந்தவங்க இருந்தாங்களே தவிர, நோய் வேர் பிடிக்கல. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு. பம்பாயோட இடைவிடாத கப்பல் போக்குவரத்து. அங்கயும் 1914 வரைக்கும் பிளேக் இல்லை.

எலி அதே எலி. மக்கள் நெருக்கம் அதே நெருக்கம். அப்போ எது வேற?

எலியிலிருந்து மனுஷனுக்கு

எலிக்கும் மனுஷனுக்கும் நடுவுல தெள்ளு இருக்குன்னு முதல்ல சோதனை பண்ணிக் காட்டினவர் பால் லூயி சிமோன்ட். பிரெஞ்சு டாக்டர். 1898-ல கராச்சியில் அந்தச் சோதனையைப் பண்ணினார். பல வருஷம் அவரை யாரும் பெருசா நம்பல. 1905-க்கு அப்புறம் பம்பாய்ல பிளேக் ஆராய்ச்சிக் கமிஷன் உட்கார்ந்து வரிசையா சோதனை பண்ணிச்சு. நோய் வந்த வீட்டுக்குள்ள கினிப்பன்றிகளைக் கூண்டுல வைப்பாங்க. தெள்ளு நுழைய முடியாதபடி மெல்லிய வலை போட்ட கூண்டுல இருந்தது பிழைச்சுது. வலை இல்லாத கூண்டுல இருந்ததுக்கு நோய் வந்துச்சு. விஷயம் முடிஞ்சுது: தெள்ளுதான்.

முடிஞ்சுதா? இல்லை. இந்தியாவின் வீட்டு எலி மேல இருக்கிறது ஒரே ஒரு தெள்ளு இனம்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. அதை வச்சுப் பார்த்தா புதிர் இன்னும் மோசமாகுது. மெட்ராஸ் எலி மேலயும் தெள்ளு மேயுதே!

'அந்நியத் தெள்ளு'

இப்போ கொஞ்சம் பேர் விவகாரம் பார்ப்போம். உலகத்துல சுமார் 2,500 தெள்ளு இனங்கள் இருக்கு. நம்ம கதாநாயகன் ஒரு பேரினம். அதாவது நெருங்கின சொந்தக்கார இனங்களின் கூட்டம். பேர் செனோப்சில்லா. கிரேக்கத்துல 'செனோஸ்'னா அந்நியன், விருந்தாளி. 'சில்லா'ன்னா தெள்ளு. இதுல சுமார் 80 இனங்கள். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, கொறிக்கும் பிராணிகளின் வளையிலேயே வாழ்க்கையை ஓட்டுறவை. விதிவிலக்கும் உண்டு. கிராட்டியோசான்னு ஒரு இனம், வளையில கூடு வைக்கிற கடற்பறவைகள் மேல வாழுது.

இதுல மிகப் பிரபலமான இனம் செனோப்சில்லா கியோபிஸ். இதுக்குப் பேர் வச்சவர் சார்லஸ் ராத்ஸ்சைல்ட். ஆமாம், அந்த வங்கிக் குடும்பம்தான். பகல்ல வங்கி, மத்த நேரத்துல தெள்ளு. 1901-ல சூடான் நாட்டின் ஷெண்டிங்கிற ஊர்ல பிடிச்ச தெள்ளை 1903-ல புது இனமா விவரிச்சு, பெரிய பிரமிடைக் கட்டின மன்னன் கியோப்ஸ் பேரை வச்சார். அப்போ அது 'புலெக்ஸ்' பேரினத்துல இருந்துச்சு, அதாவது மனுஷத் தெள்ளோட கூட்டத்துல.

இல்லை, இது வேற கூட்டம்னு 1907-ல கிளின்கீவிச் என்பவர் 'செனோப்சில்லா' பேரினத்தை உருவாக்கினார். அடுத்த வருஷமே ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டானும் இதே கூட்டத்துக்கு 'லோமோப்சில்லா'ன்னு பேர் வச்சாங்க. 'கொள்ளைநோய்த் தெள்ளு'ன்னு அர்த்தம். எவ்வளவு பொருத்தமான பேர்! ஆனா வகைப்பாட்டு உலகத்துல முதல்ல வச்ச பேருக்குத்தான் முன்னுரிமை. ஒரு வருஷ வித்தியாசத்துல 'கொள்ளைநோய்த் தெள்ளு' தோத்து, 'அந்நியத் தெள்ளு' ஜெயிச்சுது.

சொல்லப்போனா தோத்தது நல்லதுதான். ஏன்னா, இந்தக் கூட்டத்துல எல்லாருமே ஒரே அளவுக்கு பிளேக் பரப்புறவங்க இல்லை.

பேரை நம்பக் கூடாதுங்கிறதுக்கு இன்னொரு உதாரணம். இதே பேரினத்துல 'பிரேசிலியென்சிஸ்'னு ஒரு இனம். 1904-ல பிரேசில்ல கிடைச்ச மாதிரியை வச்சு பேக்கர் என்பவர் பேர் கொடுத்தார். ஆனா அதோட பூர்விகம் ஆப்பிரிக்கா. கப்பல் எலியோட அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. பேர்ல இருக்கிற ஊர், பிடிபட்ட ஊர் மட்டும்தான், பிறந்த ஊர் இல்லை.

எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

வெறும் கண்ணுக்கு எல்லாமே பழுப்பு நிறப் புள்ளி. பூச்சியை காரக் கரைசல்ல ஊற வச்சு, உள்ளே இருக்கிற சதையைக் கரைச்சு, கண்ணாடிச் சில்லுல ஒட்டி, மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்.

முதல் கேள்வி: சீப்பு இருக்கா? நாய், பூனைத் தெள்ளுகளுக்குத் தலையோட அடிப்பக்கமும் கழுத்துக்குப் பின்னாடியும் சீப்புப் பல் மாதிரி கறுப்பு முட்கள் வரிசையா இருக்கும். செனோப்சில்லாவுக்கு அது கிடையாது.

ரெண்டாவது கேள்வி: மனுஷத் தெள்ளுக்கும் சீப்பு இல்லையே? அப்போ மார்போட நடுக்கண்டத்தின் பக்கவாட்டுல பாருங்க. மேலிருந்து கீழா ஒரு தண்டு ஓடுதா? ஓடினா செனோப்சில்லா. இல்லைன்னா மனுஷத் தெள்ளு. கண்கிட்ட ஒரு முடி இருக்கும். அது கண்ணுக்கு முன்னாடி இருந்தா செனோப்சில்லா, கண்ணுக்குக் கீழே இருந்தா மனுஷத் தெள்ளு.

மூணாவதுதான் கஷ்டமான கேள்வி. செனோப்சில்லாவுக்குள்ள எந்த இனம்? இதுக்குப் பெண் தெள்ளோட வயித்துக்குள்ள பார்க்கணும். ஆணோட விந்தைச் சேமிச்சு வைக்கிற ஒரு சின்னப் பை இருக்கும். தலையும் வாலும் உள்ள, வளைஞ்ச பை. கியோபிஸ்ல தலையும் வாலோட அடிப்பகுதியும் கிட்டத்தட்ட ஒரே அகலம். வால் கறுத்திருக்கும். பிரேசிலியென்சிஸ்ல தலை உருண்டையா, வாலை விடப் பெருசா இருக்கும். 'ஆஸ்டியா'ன்னு இன்னொரு இனம். அதுல தலை சின்னது, வால்தான் அகலம்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பையோட தலை பெருசா, வால் பெருசா. இதைப் போய் யார் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்கன்னு கேட்கலாம். அந்த ஆஸ்டியாவைத் தனி இனம்னு ராத்ஸ்சைல்ட் விவரிச்சது 1911-ல. அதுவரைக்கும் இந்திய எலித் தெள்ளுன்னா எல்லாமே கியோபிஸ் கணக்குலதான் போயிட்டிருந்தது. கமிஷனோட அத்தனை எண்ணிக்கையிலும் ரெண்டும் கலந்து கிடந்துச்சு.

கொழும்பிலிருந்து வந்த பதில்

இங்கதான் கதை திரும்புது. கொழும்பு மாநகரத்தின் நுண்ணுயிரியல் நிபுணர் ஃபேபியன் ஹர்ஸ்ட். ஊருக்கு பிளேக் எப்போ வேணும்னாலும் வரலாம்னு, 1913 வாக்குல கொழும்பு எலிகளின் தெள்ளுகளைச் சேகரிச்சுப் பார்க்கிறார். கியோபிஸ் இருக்கும்னு எதிர்பார்த்த இடத்துல, எல்லாம் ஆஸ்டியா.

மெட்ராஸ் தெள்ளுகளைப் பார்த்தா, அங்கயும் ஆஸ்டியா.

அவர் தைரியமா ஒரு யூகத்தை வைக்கிறார்: பிளேக் வேர் பிடிக்கிற ஊர், கியோபிஸ் இருக்கிற ஊர். ஆஸ்டியா மட்டும் இருக்கிற ஊர்ல நோய் வந்தாலும் நிக்காது.

1914 தொடக்கத்துல கொழும்புக்கு பிளேக் வந்தேவிட்டது. ஹர்ஸ்ட்டோட யூகம் தப்புன்னு ஆயிடுச்சா? ஊர் முழுக்கத் தெள்ளு பிடிச்சுப் பார்த்தாங்க. நோய் மையம் கொண்ட தானியக் கிடங்குப் பகுதிகள்ல கியோபிஸ் இருந்துச்சு. கப்பல்ல வந்த தானிய மூட்டைகளோட புதுசா வந்து, கிடங்கு எலிகள் மேல குடியேறின கூட்டம். யூகம் தப்பு ஆகல, இன்னும் உறுதியாச்சு.

அப்புறம் 1920-களின் தொடக்கத்துல கிராக் என்பவர் இந்தியா முழுக்க எலித் தெள்ளுகளைத் திரட்டி, எந்த ஊர்ல எந்த இனம்னு கணக்கெடுத்தார். தக்காணம், மேற்கு, வடக்குன்னு பிளேக் பலமா அடிச்ச பகுதிகள்ல கியோபிஸ் கை ஓங்கியிருந்துச்சு. மெட்ராஸ் பக்கம் கடலோரச் சமவெளியில் ஆஸ்டியா. தெற்கே உள்நாட்டு மேட்டுப் பகுதிகள்ல கியோபிஸ் மறுபடியும் தலைகாட்டுது.

என் கேள்விக்குப் பதில் கிடைச்ச இடம் இதுதான். கோயம்புத்தூர் மேட்டுப் பக்கம். சென்னை கடலோரம்.

ஏன் ஒண்ணு பரப்புது, இன்னொண்ணு பரப்பல?

லண்டன்ல லிஸ்டர் நிறுவனத்தில் ஆர்தர் பேக்கட், சார்லஸ் மார்ட்டின் ரெண்டு பேரும் 1914-ல இதோட சூட்சுமத்தைக் கண்டுபிடிச்சாங்க. நோயுள்ள எலியோட ரத்தத்தைக் குடிச்ச தெள்ளின் இரைப்பைக்கு முன்னாடி ஒரு சின்ன வால்வு மாதிரி பகுதி இருக்கு. கிருமி அங்க பெருகி, கட்டியா அடைச்சுக்குது. அப்புறம் தெள்ளு எவ்வளவு குடிச்சாலும் வயித்துக்குள்ள போகாது. பசி தாங்காம திரும்பத் திரும்பக் கடிக்கும். குடிச்ச ரத்தம் அடைப்புல முட்டி, கிருமியோட சேர்ந்து கடிச்ச இடத்துக்கே திரும்ப வரும். பட்டினியில சாகப் போற ஒரு பூச்சிதான் நோயைப் பரப்புது.

இந்த அடைப்பு கியோபிஸுக்குச் சுலபமா வருது. ஆஸ்டியாவுக்கு அவ்வளவா வர்றதில்லை. அதோட ஆஸ்டியா மனுஷனைக் கடிக்கவும் கியோபிஸ் அளவுக்கு ஆர்வம் காட்டாது.

ஆனா இங்க ஒண்ணு சொல்லியாகணும். 'சென்னையைக் காப்பாத்தினது ஆஸ்டியா'ன்னு ஒரே வரியில முடிச்சா அது வாட்ஸ்அப் அறிவியல் ஆயிடும். வெயிலும் இதுல கூட்டாளி. சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டிட்டா கியோபிஸ் வயித்துலயே அடைப்பு சரியா நிக்கிறதில்லை. காத்து ரொம்ப வறண்டாலும் தெள்ளுப் புழுக்கள் செத்துப் போகும். அதனாலதான் வட இந்தியாவுல கோடை உச்சத்துக்குப் போனதும் பிளேக் அடங்கும். ஆஸ்டியாவும் முழு அப்பாவி இல்லை. சோதனைச்சாலையில அது நோயைக் கடத்தியிருக்கு. திறமை குறைவு, அவ்வளவுதான். தெள்ளு, தட்பவெப்பம், எலி, வியாபாரம் நாலும் சேர்ந்த கணக்கு இது. அந்த நாலுல தெள்ளு இனத்தைத்தான் ரொம்ப நாளா யாருமே எண்ணல.

வியாபாரம்னு சொன்னேன் இல்லையா? தெள்ளுக்குச் சிறகு கிடையாது. அது இந்தியா முழுக்கப் போனது, கடல் தாண்டினது எல்லாம் எலி மேலயும், சாக்கு மூட்டையிலயும், பஞ்சுப் பொதியிலயும்தான். நைல் நதிப் பக்கத்துப் பூச்சி இன்னிக்கு உலகத்தின் வெப்பமான துறைமுகங்கள் எல்லாத்திலும் இருக்கு. அதோட பரவல் வரைபடத்தை வரைஞ்சா, மனுஷனோட தானிய வியாபார வரைபடம் கிடைக்கும்.

இன்னிக்கு இது எதுக்கு?

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 1994 ஆகஸ்ட்ல மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம், செப்டம்பர்ல சூரத். சூரத்திலிருந்து லட்சக்கணக்குல மக்கள் ரயில் பிடிச்சு ஓடினாங்க. 2002-ல இமாச்சலத்துல, 2004-ல உத்தராகண்ட்ல சின்ன அளவுல வந்துச்சு. இப்போ மருந்து இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்லயே குணமாகும். ஆனா அந்தச் 'சீக்கிரம்' எங்கிருந்து வரும்?

எலியைப் பிடிச்சு, சீப்பால வாரி, தெள்ளை எண்றதுலேர்ந்து வரும். ஒரு எலிக்கு சராசரியா எத்தனை கியோபிஸ்னு ஒரு குறியீடு வச்சிருக்காங்க. ஒண்ணைத் தாண்டினா எச்சரிக்கை. கவனிங்க, 'எத்தனை தெள்ளு'ன்னு இல்லை, 'எத்தனை கியோபிஸ்'. ரெண்டையும் பிரிக்கத் தெரியாத ஆள் எண்ணினா, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒண்ணு, வீணா ஊரைப் பயமுறுத்துவோம். இல்லைன்னா, பயப்பட வேண்டிய நேரத்துல தூங்குவோம். தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூணும் சந்திக்கிற ஓசூர், கோலார் சுற்றுவட்டாரம் ஒரு காலத்துல பிளேக் விட்டு விட்டு வந்த இடம். அங்க வயல்காட்டு வெள்ளெலிகளும் வீட்டு எலிகளும் பக்கத்துப் பக்கத்துல வாழுது. அந்த வட்டாரத்தைக் கவனிக்க பெங்களூர்ல ஒரு பிளேக் கண்காணிப்புப் பிரிவே வச்சிருக்காங்க.

அந்த வேலையைச் செய்ய மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு பார்க்கிற ஒரு ஆள் வேணும். பையோட தலை பெருசா, வால் பெருசான்னு நிதானமா பார்க்கத் தெரிஞ்ச ஆள். வகைப்பாட்டியல் படிக்கப் போறேன்னு சொன்னா, நம்ம வீட்ல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். "பூச்சி எண்ணி என்ன கண்ணு சம்பாதிக்கப் போறே?"

ராத்ஸ்சைல்ட் தன்னோட தெள்ளுச் சேகரிப்பை 1913-ல பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அவரோட மகள் மிரியம் ராத்ஸ்சைல்ட், ஹாப்கின்ஸ் என்பவரோட சேர்ந்து அதுக்கு அட்டவணை போட்டார். முதல் தொகுதி 1953-ல வந்துச்சு. செனோப்சில்லா அதுலதான் இருக்கு. அதே 1953-ல கொழும்பு ஹர்ஸ்ட் தன் வாழ்நாள் வேலையை 'தி கான்குவெஸ்ட் ஆஃப் பிளேக்'னு புத்தகமா போட்டார். ஒருத்தர் பேர் வச்சு அடுக்கினார். இன்னொருத்தர் அந்தப் பேரை வச்சு ஒரு ஊருக்கு ஏன் நோய் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சார். முதல் வேலை நடக்காம ரெண்டாவது நடந்திருக்காது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அந்தப் பிளேக் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். அம்மிச்சி இப்போ இல்லை. இருந்திருந்தா இந்தக் கதையை அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். எலி செத்தா வீட்டைக் காலி பண்ணணும்னு உங்க அம்மா சொன்னது சரிதான் அம்மிச்சி. எலி செத்ததும் அது மேல இருக்கிற தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடும். அதுக்குள்ள நீங்க காட்டுக்குப் போயிட்டீங்க. தெள்ளோட பேர் தெரியாம, உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம் அது.

உங்க ஊர்லயும் பிளேக் மாரியம்மனோ, பிளேக் காலத்துக் கதையோ இருந்தா, வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. எந்த ஊர்னு மறக்காம எழுதுங்க. மேட்டுப் பக்கமா, கடலோரமான்னு நான் பார்க்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.